இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே

உருளைக்கிழங்குத் தெருவில் மூன்றாவது வீடு.
தார்த்துவின் இந்தப் பேட்டையில் பெயர்கள் அப்படித்தான்,
அடுத்தது பட்டாணித் தெரு, அதற்கடுத்தது அவரைத் தெரு.
சமையலறை மேசையில் மடிக்கணினி, அதில் பாதி நிரப்பிய படிவம்.
இரவு பதினொன்று. வெளியே மைனஸ் ஒன்பது.

வகை என்ன என்று கேட்கிறது படிவம்.
பந்தயமா, திகிலா, புதிரா?
எங்கள் விளையாட்டில்
ஒரு தபால் வேன் உறைந்த கடல்மேல் தீவுக்குப் போகிறது.
அவ்வளவுதான்.
சுட ஆளில்லை, பொறுக்கக் காசில்லை.
'இளைப்பாறல்' என்று ஹெல்வெ தேர்ந்தெடுத்தாள்.
இதில் ஆள் மூழ்கிச் சாகலாமே என்றேன்.
"இளைப்பாறல்தான்."

மார்ச் மாதக் கடலில் குப்புறப் படுத்து
துளைக்குள் மைக்கை இறக்கி அவள் பிடித்து வந்த ஓசைகள்:
இரும்புக் கம்பி அறுந்தது போல் ஒன்று,
மாடு பெருமூச்சு விட்டது போல் ஒன்று,
யாரோ உன் பெயரைப் பாதி கூப்பிட்டு
நிறுத்திக்கொண்டது போல் ஒன்று.

பெரிய கடை பத்துக்கு மூன்று எடுத்துக்கொள்ளும்.
போகட்டும், வாடகை இல்லாத சந்தை எங்கே இருக்கிறது?
ஆனால் இரண்டு மணி நேரம் ஆடுவதற்குள் வேண்டாமென்றால்
முழுப் பணமும் வாபஸ்.
எங்கள் தீவோ ஒரு மணி நாற்பதில் வந்துவிடும்.
கரையேறி, கடிதங்களைக் கொடுத்துவிட்டு,
வேனையும் சாலையையும் கடலையும் சேர்த்து
கடைக்காரனிடமே திருப்பித் தந்துவிடலாம்.

கடலை இருபது நிமிடம் அகலமாக்குவோமா என்றேன்.
அவள் முறைத்த முறைப்பில் அடுப்பு அணைந்திருக்கும்.

எங்களிடம் நேரடியாக வாங்கியவர்கள் இருநூற்றுப் பதினொரு பேர்.
மொய் எழுதுவது போல்
பச்சை நோட்டில் ஒவ்வொரு பெயராக எழுதிவைத்திருக்கிறாள்.
உருகுவேயில் நிடியா என்றொரு செவிலி,
இரவுப் பணி முடிந்து வந்து
நடுக்கடல்வரை ஓட்டிவிட்டு அணைத்துவிடுவாளாம்.
தீவை இன்னும் பார்த்ததில்லை. பார்க்கப் போவதுமில்லை.
ஔலுவிலிருந்து ஒருவர் எழுதினார்:
விரிசல் ஓசை அரை நொடி பிந்துகிறது,
பனியில் வளர்ந்தவன் காதுக்கு அது பொய்.
திருத்தினோம்.
கடையில் வாங்கியிருந்தால் எழுதியிருப்பாரா?
கட்டைவிரலைக் கவிழ்த்துவிட்டுப் போயிருப்பார்.
இது ஹெல்வெயின் கட்சி.

என் கட்சி விறகு.
இரண்டு கனமீட்டருக்கு இன்னும் பணம் தரவில்லை.

அப்புறம் அந்தக் கடிதம்.
ஜார்ஜியா நாட்டில் சுக்தீதி, பையனுக்குப் பதினாறு வயது, பெயர் லாஷா.
'என்னிடம் வங்கி அட்டை இல்லை.
பிறந்தநாளுக்கு வந்த கடைக் கூப்பன்தான் இருக்கிறது.
நீங்கள் ஏன் கடையில் இல்லை?
எங்கள் கடல் உறைவதே இல்லை.'
ஹெல்வெ இரண்டு முறை படித்தாள்,
விளையாட்டைச் சும்மாவே அனுப்பிவைத்தாள்.
மறுநாள் பதில்: 'நன்றி. நன்றாக இருக்கிறது.
ஆனால் நான் என்ன ஆடுகிறேன் என்று
என் நண்பர்களுக்குத் தெரியவில்லை.'

நிஜப் பனிச்சாலையில் ஒரு விதி உண்டு.
இருபத்தைந்துக்குக் கீழே ஊர்ந்து போகலாம்,
நாற்பதுக்கு மேலே விரைந்து போகலாம்.
நடுவேகம் கூடாது.
பனிக்கடியில் அலை எழும்பி
நீ போகும் பாதையையே உடைக்கும்.

பதினான்கு மாதமாக நாங்கள்
முப்பத்திரண்டில் போய்க்கொண்டிருக்கிறோம்.

வெளியீட்டு நாள்?
'பனி தாங்கும்போது' என்று தட்டினாள்.
சிவப்புக் கோடு. எண்தான் வேண்டுமாம்.
சில குளிர்காலங்களில் சாலை திறப்பதே இல்லை,
அதைப் படிவத்துக்கு யார் சொல்வது?
சுட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு
பெல்ட்டைக் கழற்று என்றாள்.
விளையாட்டின் முதல் வரி அது:
வேன் உள்ளே போனால் குதிக்க வேண்டுமல்லவா.

பிப்ரவரி பத்தொன்பது என்று போட்டேன்.
கட்டணம் போயிற்று, இரண்டு வார விறகு.

ஹெல்வெ பச்சை நோட்டைத் திறந்து
212 என்று எழுதினாள்.
கடைக்காரன் பெயர்களைத் தரமாட்டான் என்றேன்.
தெரியும் என்றாள்,
ஸ்கேலை வைத்துக் கோடு போட்டுக்கொண்டே.